கடல்நீரில் கரன்ட் விட்டால் கல் வளருமா? ஒரு ஆர்க்கிடெக்ட் 50 வருடத்துக்கு முன்னால் செய்த சோதனை இப்போ ஏன் மறுபடியும் பேசப்படுது?

கடல் சூடாகிக்கொண்டே போகிறது. அதில் முதலில் அடிவாங்குவது பவளப்பாறைகள். 2023 ஜனவரியில் தொடங்கிய உலகளாவிய வெளுப்பு நிகழ்வில், 2025 ஏப்ரல் வரை உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 சதவீதம் ஆபத்தான வெப்பத்தைச் சந்தித்துவிட்டதாக சர்வதேச பவளப்பாறை அமைப்பு அறிவித்தது. பதிவான வெளுப்பு நிகழ்வுகளிலேயே இதுதான் பெரிது. 2025 அக்டோபரில் வந்த இன்னொரு அறிக்கை ஒரு படி மேலே போய், வெப்பக் கடல் பவளப்பாறைகள் திரும்பி வர முடியாத எல்லையைத் தாண்ட ஆரம்பித்துவிட்டன என்றது. 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 160 விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய அறிக்கை அது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் சமூக வலைதளங்களில் ஒரு வீடியோவும் சுற்ற ஆரம்பிக்கும். கடலுக்கு அடியில் கம்பிக் கூண்டு, அதிலிருந்து மேலே எழும் குட்டிக் குட்டி குமிழ்கள், கூண்டு முழுக்க ஒட்டி வளர்ந்த பவளங்கள், நடுவில் நீந்தும் மீன் கூட்டம். "மின்சாரம் கொடுத்து பவளப்பாறை வளர்க்கிறார்கள்" என்று தலைப்பு இருக்கும். பொய் வீடியோ இல்லை, நிஜம்தான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதையும் கணக்கும் அந்த ஒரு நிமிட வீடியோவில் வராது. முதல் ஆச்சரியம், இதைக் கண்டுபிடித்தவர் கடல் விஞ்ஞானி கிடையாது, வீடு கட்டுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஆர்க்கிடெக்ட்.

யார் இந்த வோல்ஃப் ஹில்பெர்ட்ஸ்?

1938ல் ஜெர்மனியில் பிறந்தவர் வோல்ஃப் ஹில்பெர்ட்ஸ். பெர்லினில் படித்து, பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். 1970களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்: சிப்பி தன் ஓட்டைத் தானே வளர்த்துக்கொள்கிறது. நத்தையும் அப்படித்தான். மனிதன் மட்டும் ஏன் மலையை உடைத்து, சுட்டு, அரைத்து, லாரியில் ஏற்றி, கலவை போட்டு வீடு கட்ட வேண்டும்? கட்டடம் தானாக வளர்ந்தால் என்ன?

கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சூழலுக்கு ஏற்றபடி தன்னைத்தானே மாற்றிக்கொண்டு, தேவைப்படாத இடத்தில் கரைந்து, தேவைப்படும் இடத்தில் வளரும் கட்டடங்கள் என்று ஒரு கனவை அவர் 1970லேயே எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்கு 'சைபர்டெக்சர்' என்று பெயரும் வைத்தார். கனவு இருந்தது, ஆனால் வளரக்கூடிய கட்டுமானப் பொருள் கையில் இல்லை. அதைத் தேடித்தான் அவர் கடலுக்குப் போனார்.

கடல்நீரை நாம் வெறும் உப்புத்தண்ணீர் என்று நினைக்கிறோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 0.4 கிராம் கால்சியமும் சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும் கரைந்து கிடக்கின்றன. சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் ஓடு கட்டுவது இந்தச் சரக்கிலிருந்துதான். குடோன் திறந்தே கிடக்கிறது, எடுக்க சாவி வேண்டும். ஹில்பெர்ட்ஸ் கண்ட சாவி, மின்சாரம்.

கரன்ட் விட்டால் கல் எப்படி வரும்?

வீட்டில் போர் தண்ணீர் என்றால் வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெள்ளையாக ஓடு போல ஒட்டியிருக்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து. அங்கே அதைப் படிய வைத்தது சூடு. கடலில் அதே வேலையை மின்சாரத்தை வைத்துச் செய்ய வைத்தார் ஹில்பெர்ட்ஸ்.

செய்முறை ரொம்ப எளிது. கட்டடத்துக்குப் பயன்படுத்தும் சாதாரண இரும்புக் கம்பியை வளைத்து, வெல்டிங் செய்து, வேண்டிய வடிவத்தில் கூண்டு செய்து கடலில் இறக்க வேண்டும். அதை நெகட்டிவ் முனையோடு இணைக்க வேண்டும். பக்கத்தில் பூச்சு பூசிய டைட்டானியம் வலை ஒன்று, அது பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே குறைந்த அழுத்த நேர் மின்சாரம் ஓடும். பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குள்தான், அதாவது ஒரு கார் பேட்டரி அளவு. நீந்துகிறவர்கள் மேலே ஷாக் அடிக்காது, மீனுக்கும் ஒன்றும் ஆகாது.

கரன்ட் ஓட ஆரம்பித்ததும் கம்பியின் மேற்பரப்பில் தண்ணீர் உடைகிறது. ஹைட்ரஜன் குமிழாக மேலே போகிறது. வீடியோவில் தெரியும் அந்தக் குமிழ்கள் இதுதான். கம்பியை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் கால்சியமும் கார்பனேட்டும் கரைந்திருக்க முடியாமல், கல்லாகக் கம்பி மேலே படிகின்றன. அரகோனைட் என்று பெயர். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதும் இதே அரகோனைட்டில்தான்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். அவசரப்பட்டு கரன்ட்டைக் கூட்டினால் கல் வேகமாக வளரும், ஆனால் உருப்படியாக வளராது. புரூசைட் என்ற மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அதிகம் படியும். அது மென்மையானது, கையால் சுரண்டினாலே உதிரும். உறுதியான கல் வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் பொறுமையாகத்தான் வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்த மாதிரிகளின் உறுதி சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்கு இணையாகவும், சிலவற்றில் அதைவிட அதிகமாகவும் இருந்ததாக ஹில்பெர்ட்ஸ் பதிவு செய்தார். இன்னொரு லாபம், கரன்ட் ஓடும் வரை உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது. எங்காவது உடைந்தால், உடைந்த இடத்தில் மறுபடி கல் படியும்.

இரும்பு துருப்பிடிக்காத அந்தச் சங்கதி ஹில்பெர்ட்ஸ் கண்டுபிடித்தது இல்லை. 1824லேயே ஹம்ப்ரி டேவி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளை இதே மின்வேதியியல் தந்திரத்தால் அரிப்பிலிருந்து காப்பாற்றிக் காட்டினார். ஆனால் செம்பு கரைவது நின்றதும், அதன் விஷத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கடற்பாசியும் கொட்டலசும் கப்பல் அடியில் மண்டிவிட்டன. கப்பல் வேகம் போச்சு. கடற்படை அந்த வேலையைக் கைவிட்டது. டேவிக்குத் தலைவலியாக இருந்த 'ஒட்டி வளரும் உயிர்கள்'தான் 150 வருடம் கழித்து இன்னொருவருக்கு வரமாக மாறின.

கட்டடக் கல் பவளப்பாறை ஆனது எப்படி?

1970களின் நடுவில் தொடங்கிய சோதனைகளின் முடிவுகளை 1979ல் கடல் பொறியியல் ஆய்விதழ் ஒன்றில் ஹில்பெர்ட்ஸ் வெளியிட்டார். 1981ல் அமெரிக்க காப்புரிமையும் கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் தலைப்பே 'பெரிய கட்டுமானங்களும் கட்டட உறுப்புகளும்' என்றுதான் பேசுகிறது. பவளம் அப்போது அவர் மனதில் முதல் இடத்தில் இல்லை. சுவர், தூண், கடல் அரண், கடைசியில் ஒரு முழு நகரம், இதுதான் அவருடைய இலக்கு. 'சீகிரீட்', 'சீமென்ட்' என்றெல்லாம் அந்தக் கல்லுக்குப் பெயர்கள் புழங்கின.

ஆனால் கடலில் போட்ட கம்பிகளில் சிப்பிகள் வந்து ஒட்டின, நன்றாகவும் வளர்ந்தன. 1980களின் பிற்பகுதியில் ஜமைக்காவில் அவரோடு கைகோத்தவர் தாமஸ் கோரோ. ஜமைக்காவில் பிறந்த பவள விஞ்ஞானி. அவருடைய அப்பாவும் பவள விஞ்ஞானிதான், ஜமைக்காவின் டிஸ்கவரி பே கடல் ஆய்வகத்தை நிறுவியவர். ஆக, குழந்தைப் பருவத்திலிருந்து பவளப்பாறைகளைப் பார்த்து வளர்ந்து, அவை கண்ணெதிரே சாவதையும் பார்த்தவர் கோரோ. செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பநிலைப் படங்களை வைத்து எங்கே வெளுப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

வீடு கட்ட நினைத்த ஆர்க்கிடெக்ட்டும், பாறையைக் காப்பாற்ற நினைத்த விஞ்ஞானியும் சேர்ந்ததில் பிறந்ததுதான் 'பயோராக்'. உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்து, கரன்ட் ஓடும் கம்பிக் கூண்டில் கட்டிவிட வேண்டும். மெல்லப் படியும் கல் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். பவளம் வழக்கத்தைவிட வேகமாக வளரும், வெப்பத்தையும் தாங்கும் என்பது இவர்கள் முன்வைத்த வாதம். காரணம் என்ன? பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டவே நிறைய சக்தியைச் செலவழிக்கிறது. சுற்றியுள்ள வேதிச்சூழல் சாதகமாக இருந்தால் அந்தச் சக்தி மிச்சம், அதை வளர்ச்சிக்கும் எதிர்ப்புக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். 1996ல் இருவர் பெயரிலும் இதற்குத் தனிக் காப்புரிமை கிடைத்தது. 1998ல் சூழல் மீட்புக்கான சர்வதேச சங்கத்தின் விருதும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது.

அதே 1998ல்தான் முதல் பெரிய பரீட்சையும் வந்தது.

மாலத்தீவில் நடந்தது என்ன?

மாலத்தீவில் காலங்காலமாக வீடும் மசூதியும் கட்டியது பவளக்கல்லில்தான். மாலேயில் 17ஆம் நூற்றாண்டின் பவளக்கல் மசூதி இன்றைக்கும் நிற்கிறது. அழகுதான், ஆனால் அலையைத் தடுக்கும் பாறையையே வெட்டி வீடு கட்டினால் அலை எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. பாறையை வெட்டிக் கட்டடம் என்ற அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கி, கட்டடம் கட்டுவது போல பாறையைக் கட்டினார்கள் இவர்கள். இஹுரு என்ற சின்னத் தீவில் 1996, 1997ல் பயோராக் கூண்டுகள் இறங்கின. கரை அரிப்பைத் தடுக்க சுமார் 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறைத் தொடரும் அமைத்தார்கள்.

அடுத்த வருடமே எல் நினோ. 1998ல் மாலத்தீவுப் பவளங்களில் மிகப் பெரும் பகுதி வெளுத்துச் செத்தது. ஹில்பெர்ட்ஸ், கோரோ குழுவின் பதிவுப்படி, சுற்றியிருந்த இயற்கைப் பாறைகளில் பிழைத்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. கரன்ட் ஓடிய கூண்டுகளில் 50 முதல் 80 சதவீதம் பிழைத்தன. கரையில் மணலும் சேர்ந்து கடற்கரை சுமார் 15 மீட்டர் அகலமானதாகவும் அவர்கள் எழுதினார்கள்.

பெரிய வித்தியாசம்தான். ஆனால் இந்த எண்களைத் தருவது யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்தவர்களே அதன் வெற்றியையும் அளந்திருக்கிறார்கள். அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் விஞ்ஞானத்தில் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சம்பந்தமில்லாத வேறொருவர் செய்தாலும் இதே முடிவு வருமா?

வேறு விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்?

பதில் கலவையாக இருக்கிறது. இந்தோனேசியாவில் தனிக் குழுக்கள் செய்த ஆய்வுகளில், 2010ல் வெளியான ஒன்று முக்கியமானது. ஒரே பவள இனக்குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வகைகளை எடுத்து மின்சூழலில் வளர்த்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒன்றுக்கு ஒத்துப்போனது இன்னொன்றுக்கு ஒத்துப்போகவில்லை. பிறகு வந்த சோதனைகளிலும் 'கரன்ட் கொடுத்தால் எல்லாப் பவளமும் பல மடங்கு வேகமாக வளரும்' என்ற வாக்குறுதிக்குப் பொதுவான ஆதாரம் கிடைக்கவில்லை. கோரோ தரப்பு இதற்குச் சொல்லும் பதில், மின்சாரத்தின் அளவு சரியாக இல்லாவிட்டால் முடிவும் சரியாக வராது என்பது. அதிலும் உண்மை இருக்கிறது, கரன்ட் கூடினால் புரூசைட் வரும் என்று மேலே பார்த்தோம். ஆனால் அளவு இம்மி பிசகினாலும் வேலை செய்யாது என்றால், நூறு கிராமங்களில் நூறு பேர் கையில் கொடுக்கும்போது என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே வரத்தானே செய்யும்?

இன்னொரு தவறான புரிதலையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். 'இந்தக் கல் வளரும்போது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது, அதனால் புவி வெப்பமும் குறையும்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கல்லுக்குள் கார்பன் இருப்பது நிஜம். ஆனால் அந்தக் கார்பன் வருவது கடலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து. சாதாரணமாகக் கடலில் சுண்ணாம்பு படியும்போது, கணக்குப் பார்த்தால் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வெளியேதான் வரும். மின் முறையிலும் நெகட்டிவ் முனையில் காரம் உண்டாகும் அதே நேரத்தில் பாசிட்டிவ் முனையில் அமிலமும் கொஞ்சம் குளோரினும் உண்டாகின்றன. ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை எடுத்துவிடும். இதில் கோரோவே தெளிவாக இருக்கிறார்: சுண்ணாம்புக்கல் படிவது காற்றிலிருந்து கார்பனை இழுக்கும் வேலை அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

சரி, பாலியில் மட்டும் எப்படி வெற்றி?

இந்தக் கதையில் எல்லாரும் காட்டும் சான்று, பாலி தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் பெமுத்தேரான் கிராமம். வறண்ட பூமி. விவசாயம் பெரிதாகக் கிடையாது, மீன்தான் சோறு. 1990களின் கடைசியில் இந்தோனேசியாவின் பொருளாதாரம் சரிந்தபோது, கடலில் வெடி போட்டும் சயனைடு ஊற்றியும் மீன் பிடிப்பது பரவியது. வெடித்த இடத்தில் பவளம் சல்லிக் கல் போல நொறுங்கிக் கிடந்தது. மிச்சத்தை 1998 வெப்பம் பார்த்துக்கொண்டது.

2000ல் ஹில்பெர்ட்ஸும் கோரோவும் அங்கே பயோராக் கூண்டுகளை இறக்கினார்கள். உள்ளூர் ஹோட்டல்காரர்கள், டைவிங் கடைக்காரர்கள், கிராமத்தார் எல்லாரும் சேர்ந்தார்கள். 'கராங் லெஸ்தாரி' என்று திட்டத்துக்குப் பெயர். கரையிலிருந்து கேபிள் கடலுக்குள் போகிறது. கரையோரமாகவே கூண்டுகள் இருப்பதால் படகு கூட வேண்டாம், நீந்தியே போய்ப் பார்த்துவிடலாம். பார்க்க ஆள் வந்தது, ஆளோடு காசும் வந்தது.

ஆனால் கூண்டு இறக்கியதோடு கதை முடியவில்லை. பாலி கிராமங்களில் 'பெச்சாலாங்' என்று பாரம்பரிய ஊர்க்காவல் முறை உண்டு. கோயில் திருவிழா, ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதே முறையைக் கடலுக்கும் நீட்டி, கடல் பெச்சாலாங் அமைத்தார்கள். வெடி வைக்க வருகிறவர்களைத் தடுப்பது அவர்கள் வேலை. மீனவர்களும் வெடி போட்டுப் பிடிக்கும் மீனைவிட உயிரோடு நீந்தும் மீனுக்கு மதிப்பு அதிகம் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். 2012ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' விருது பெமுத்தேரான் பவளப் பாதுகாப்பு அமைப்புக்குக் கிடைத்தது.

இப்போ நியாயமாக ஒரு கேள்வி கேட்போம். அங்கே பாறையைக் காப்பாற்றியது கரன்ட்டா, காவலா? வெடி நின்றதாலா, கல் வளர்ந்ததாலா? இரண்டையும் பிரித்து அளப்பது கஷ்டம். என் பார்வையில், காவல் இல்லாமல் கரன்ட் மட்டும் இருந்திருந்தால் கூண்டோடு சேர்த்து வெடித்திருப்பார்கள். அதே சமயம், அந்தக் கம்பிக் கூண்டு இல்லாவிட்டால் சுற்றுலாப் பயணிக்குக் காட்ட எதுவும் இருந்திருக்காது, காவலுக்கு ஆகும் செலவுக்கும் வழி இருந்திருக்காது. கூண்டு தன் வேதியியலைவிட, கிராமத்தை ஒன்றாக உட்கார வைத்ததில்தான் அதிகம் சாதித்ததோ என்று கூடத் தோன்றுகிறது.

கரன்ட் செலவு கட்டுப்படியாகுமா?

பவளத்துக்குத் தேவைப்படும் மின்சாரம் குறைவு, சோலார் பேனலே போதும். ஆனால் ஹில்பெர்ட்ஸின் முதல் கனவு கட்டடம் ஆயிற்றே, அதற்குக் கணக்குப் போட்டால்? ஒரு யூனிட் மின்சாரத்தில், ஆழம், உப்பு, வெப்பம் பொறுத்து, 0.4 முதல் 1.5 கிலோ கல் வளரும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம் இல்லையா, அந்த 100 யூனிட்டைக் கடலில் விட்டால் 40 முதல் 150 கிலோ கல் கிடைக்கும். அதாவது சிமென்ட் மூட்டை எடையில் ஒன்றுக்கும் குறைவிலிருந்து மூன்று மூட்டை வரை. ஒரு டன்னுக்கு சுமார் 670 முதல் 2,500 யூனிட். கல் வளர வருடக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அடுக்குமாடி கட்டுகிற பில்டர் யாரும் இதற்குக் காத்திருக்க மாட்டார்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சிமென்ட் தயாரிக்க சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சுடும் நெருப்பிலிருந்தும், சுடுபடும் கல்லிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால்தான். அதனால்தான் ஹில்பெர்ட்ஸின் பழைய யோசனையைப் புதுசாகத் தூசி தட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அலெசாண்ட்ரோ ரோட்டா லோரியா குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு ஒரு உதாரணம். கடல்நீரில் கரன்ட்டோடு கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் செலுத்தி, மணல் போன்ற பொருளைச் செய்கிறார்கள். கான்கிரீட்டில் ஆற்று மணலுக்குப் பதில் போடலாம் என்பது அவர்கள் எண்ணம். செமெக்ஸ் என்ற பெரிய சிமென்ட் நிறுவனமும் இதில் கூட்டு. வாயுவை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதால் இதில் கார்பன் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அதே குழு 2024ல், கடற்கரை மணலுக்கு 2, 3 வோல்ட் மின்சாரம் கொடுத்து மணல் துகள்களைக் கல்லாக இறுக்க முடியும் என்றும் காட்டியது. கரை அரிப்பைத் தடுக்க இது உதவலாம் என்கிறார்கள்.

கலிபோர்னியாவில் தொடங்கிய ஈக்வாட்டிக் நிறுவனம் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் இதன் இன்னொரு வடிவத்துக்கு ஆலை அமைக்கும் திட்டத்தை 2024ல் அறிவித்தது. பாசிட்டிவ் முனையில் வரும் அமிலத்தைக் காரப் பாறைகளைக் கொண்டு சமன் செய்வது இவர்கள் வழி. மேலே சொன்ன 'ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை எடுக்கும்' சிக்கலுக்குத்தான் இந்த ஏற்பாடு. இந்தச் சிக்கலுக்கு ஹில்பெர்ட்ஸ் காலத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இந்தியாவில் இது வந்துவிட்டதா?

வந்தது. 2020 ஜனவரியில் இந்திய விலங்கியல் ஆய்வகம், குஜராத் வனத்துறையோடு சேர்ந்து கட்ச் வளைகுடாவில் மிதாப்பூர் அருகே ஒரு பயோராக் கூண்டை இறக்கியது. கரையிலிருந்து ஒரு கடல் மைல் தூரத்தில், சோலார் மின்சாரத்தில் இயங்கும் ஏற்பாடு.

தமிழ்நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு, அது கொஞ்சம் கசப்பான சம்பந்தம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகப் பவளத்தை வெட்டியெடுத்து சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினோம். 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்க்கப்பட்ட பிறகுதான் அந்தத் தொழில் அடங்கியது. அதற்குள் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்துகொண்டே வந்தது. அங்கே தமிழ்நாடு அரசு எடுத்த வழி கரன்ட் இல்லாத வழி: துளைகள் வைத்த கான்கிரீட் கட்டமைப்புகளைத் தீவைச் சுற்றி இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்து, பவளத்துக்கும் மீனுக்கும் இடம் கொடுப்பது. இறக்கிவிட்டால் போதும், பிறகு மின் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்ததாகக் கரையும் அபாயத்தில் இருக்கும் காரியாச்சல்லி தீவுக்கும் இதே பாணியில்தான் திட்டம்.

எது மேல் என்று கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்றுதான் சொல்ல முடியும். கான்கிரீட் உடைந்தால் தானாக ஒட்டாது, ஆனால் கரன்ட் கேட்காது. பயோராக் உடைந்தால் தானாக ஒட்டும், ஆனால் கேபிள் அறுந்தால் வளர்ச்சி நின்றுவிடும், இரும்பின் பாதுகாப்பும் போய்விடும். புயல் அடிக்கிற கடலில் கேபிள் அறுவது அதிசயம் இல்லை. திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் கூண்டு இறக்குகிற அன்று ரிப்பன் வெட்ட வருவார்கள். ஐந்து வருடம் கழித்து அறுந்த கேபிளை மாற்ற யார் வருவார்கள்? பல கடற்கரைகளில் இந்தத் தொழில்நுட்பம் தடுமாறுவது இங்கேதான்.

கடலில் நகரம் கனவு என்ன ஆச்சு?

ஹில்பெர்ட்ஸ் கடைசி வரை அதை விடவில்லை. அட்லான்டிக்கில் ஆம்பியர் என்ற கடலடி மலையின் மேல் 'ஆட்டோபியா ஆம்பியர்' என்று ஒரு நகரத்தை வளர்ப்பதாகத் திட்டம் போட்டார். கம்பி வலையை இறக்கி, சூரிய சக்தியில் கரன்ட் கொடுத்து, கடலே சுவர் எழுப்பும் நகரம். பிறகு அவர் கண் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. சீஷெல்ஸுக்கும் மொரீஷியஸுக்கும் நடுவே சயா டி மால்ஹா என்று பிரம்மாண்டமான கடலடி மேடு இருக்கிறது. பரப்பு சுமார் 40,000 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆழ்கடல், ஆனால் சில இடங்களில் பத்து மீட்டர் ஆழம் கூட இல்லை. 1997லும் 2002லும் அங்கே பயணம் போய், கம்பிக் கூண்டுகளை இறக்கி கல் வளர்த்துப் பார்த்தார்.

தீவு எழவில்லை. 2007ல் ஜெர்மனியில் ஹில்பெர்ட்ஸ் காலமானார். சயா டி மால்ஹாவின் கடற்படுகையை இப்போது மொரீஷியஸும் சீஷெல்ஸும் ஒப்பந்தம் போட்டுக் கூட்டாக நிர்வகிக்கின்றன.

அவர் 2000ல் இறக்கிய வேலை மட்டும் பெமுத்தேரானில் நடந்துகொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பேரில் ஒரு பவளக் கன்று நட்டு வளர்க்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. அந்தப் பணத்தில் புதுக் கூண்டுகள் வெல்டிங் ஆகி, கரையிலிருந்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் மூழ்கடிக்கிறார்கள்.